"அந்த அண்ணன் என்ன பாவம் செஞ்சார்?" ஏழு வயதுப் பையனுக்கு என்ன பதில் சொல்வது?

சத்துவாச்சாரி அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். சபையில் யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஏழு வயதில் ஒரு மகன். இரண்டாம் வகுப்பு. மனப்பாட வசனத்துக்கு வருடா வருடம் டிபன் பாக்ஸ் பரிசு வாங்கி வருகிறவன். வீட்டில் இப்போது ஆறு டிபன் பாக்ஸ் இருக்கிறது. வாய் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி.

ஆறு மாதமாக எங்கள் சபைக்கு ஒரு குடும்பம் வருகிறது. அவர்கள் மகனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும், வீல்சேரில்தான் வருவான். கை கால் இறுகியிருக்கும், பேச்சு இழுத்து இழுத்து வரும். மூன்று வாரத்துக்கு முன்னால் ஆராதனை முடிந்து எல்லாரும் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தோம். என் மாமியார் அந்தப் பையனைப் பார்த்து, வழக்கம்போல, "ஐயோ பாவம், இன்னா அழகான புள்ள" என்று உச்சுக் கொட்டினார். பக்கத்தில் நின்ற என் மகன் நேராக அந்தப் பையனின் அம்மாவிடம் போய், பத்துப் பேர் காதில் விழுகிற மாதிரி, "ஆன்ட்டி, இந்த அண்ணன் என்ன பாவம் செஞ்சார்?" என்று கேட்டுவிட்டான்.

அன்றைக்குத்தான் ஓய்வுநாள் பள்ளியில் "பாவத்தின் சம்பளம் மரணம்" வசனம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வகுப்பில் கேட்ட பாவமும் பாட்டி சொன்ன பாவமும் அவனுக்கு ஒன்றாகிவிட்டது. இது எனக்கு வீட்டுக்கு வந்து இட்லி மாவு கரைக்கும்போதுதான் உறைத்தது. அந்த நேரத்தில் நான் செய்தது, அவன் முதுகில் ஒன்று வைத்தது. அவன் அழுதான். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து வீல்சேரின் பிரேக்கை எடுத்துவிட்டு, தள்ளிக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் இரண்டு ஞாயிறாக அவர்கள் வரவில்லை.

இதைவிட மோசம் இன்னொன்று. இப்போது என் மகன், ஊன்றுகோல் வைத்த ஒருவரைப் பஸ் ஸ்டாப்பில் பார்த்தாலும் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறான். அடி வாங்கித் தந்த விஷயம் அது என்று நினைத்துவிட்டான் போல. "எல்லாரும் தேவசாயல்டா கண்ணா, கடவுள் தன்னை மாதிரியே படைச்சவங்க" என்று சொல்லிப் பார்த்தேன். "சரிம்மா" என்றான். அந்தச் சரியில் ஒன்றும் இல்லை.

அவனுக்கு என்ன சொல்வது? அந்த அம்மா முகத்தில் நான் எப்படி முழிப்பது?

ஜெபவீரன்:

சகோதரி, அடித்ததற்கு வருத்தப்படாதீர்கள். பிரம்பினால் அடித்தால் அவன் சாகான் என்று நீதிமொழிகளே சொல்கிறது. ஜெபத்தில் வையுங்கள், எல்லாம் சரியாகும்.

ராணிப்பேட்டை வாத்தியார்:

தங்கச்சி, மேலே தம்பி சொன்னதை அப்படியே விட்டுவிடு. பிள்ளை தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. யோவான் 9-ஆம் அதிகாரத்தில் பிறவியிலேயே பார்வையில்லாத மனிதனைப் பார்த்ததும் சீஷர்கள் கேட்டது இதே கேள்விதான்: இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா? மூன்று வருஷம் கூடவே இருந்த வளர்ந்த ஆட்கள் கேட்ட கேள்வியை ரெண்டாங்கிளாஸ் பையன் கேட்டிருக்கிறான். இயேசு அவர்கள் முதுகில் வைக்கவில்லை. இவனுடையதும் இல்லை, பெற்றவர்களுடையதும் இல்லை என்று நேராகப் பதில் சொன்னார். நீயும் அதையே சொல். "பாட்டி சொன்ன பாவம் வேற, வசனத்துல வர்ற பாவம் வேற. பாட்டி சொன்னதையும் இனிமே நாம சொல்ல வேண்டாம்." அவ்வளவுதான். தேவசாயல் எல்லாம் அப்புறம் தானாகப் புரியும்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்றால், தப்பு செய்த தகுதி உண்டு. ஓய்வுநாள் பள்ளியில் 29 வருஷம் வாத்தியார் நான். ஒரு கிறிஸ்துமஸுக்கு லூக்கா 17-இல் வரும் பத்து குஷ்டரோகிகளை நாடகமாகப் போட்டேன். பத்துப் பிள்ளைகளுக்கும் கிழிந்த வேட்டியைச் சுற்றி, சிவப்பு மை தெளித்து, விரலை மடக்கிக் கட்டிவிட்டேன். "தீட்டு, தீட்டு" என்று கத்திக்கொண்டே நொண்டி நொண்டி வரச் சொன்னேன். நன்றாக நடித்தார்கள். சபையே சிரித்தது. நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

கடைசி வரிசையில் என் வகுப்புப் பையன் ஒருவனின் பாட்டி உட்கார்ந்திருந்தார். இளவயதில் தொழுநோய் வந்து, காட்பாடி பக்கம் கரிகிரி ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்துக் குணமானவர். நோய் போய் முப்பது வருஷம் ஆகியிருந்தது. விரல்கள் மட்டும் மடங்கியபடி நின்றுவிட்டன. மேடையிலிருந்து நான் பார்க்கும்போது அந்த அம்மா இரண்டு கையையும் மெல்ல முந்தானைக்குள்ளே இழுத்துக்கொண்டார். வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவர் காபி போட்டு எவர்சில்வர் தம்ளரில் கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டு நகரவே இல்லை, நான் குடிக்கிறேனா என்று பார்த்துக்கொண்டு நின்றார். குடித்தேன். அப்புறம்தான் எதிரில் உட்கார்ந்தார்.

அடுத்த வருஷம் அதே பாடத்தை எடுத்தபோது நாடகம் போடவில்லை. நம் ஊர்க் கதையைச் சொன்னேன். 1946-இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், இந்த நோய் விரலைத் தின்பதில்லை என்று கண்டுபிடித்தார். நரம்பு செத்து வலி தெரியாமல் போவதால், சுட்டாலும் வெட்டினாலும் கை அங்கேயே இருக்கிறது, புண் மேல் புண்ணாகி விரல் தேய்கிறது. சிலருக்கு ராத்திரியில் விரல் காணாமல் போனது எப்படி என்று பார்த்தால், தூங்கும்போது எலி கடித்திருக்கிறது, அவர்களுக்குத் தெரியவில்லை. வைத்தியம் என்ன தெரியுமா? ஆளுக்கு ஒரு பூனை! பிள்ளைகள் இந்தப் பூனையை மறக்கவே மாட்டார்கள். அன்றைக்கு ஒரு பெண் கேட்டாள்: "அப்போ வலி நல்லதா சார்?" 29 வருஷத்தில் என் வகுப்பில் கேட்ட நல்ல கேள்வி அது. இப்போது 6 மாதமோ 12 மாதமோ கூட்டு மருந்து சாப்பிட்டால் தொழுநோய் குணமாகிவிடும், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன்.

ஒரு சின்ன விஷயம். நம் பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தில் குருடன், செவிடன், சப்பாணி, குஷ்டரோகி என்றுதான் இருக்கும். பிள்ளை அதைச் சத்தமாக வாசிக்கும், வாசிக்கட்டும். "அந்தக் காலத்தில் அப்படி எழுதினார்கள், இப்போது ஒருவரை அப்படிக் கூப்பிடுவதில்லை" என்று அங்கேயே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் வசனம்தானே என்று தெருவிலும் சொல்லும்.

குடியாத்தம் அக்கா:

என் மகளுக்கும் செரிப்ரல் பால்சி. நாங்கள் சி.பி. என்றுதான் சொல்வோம். பிறக்கும்போதோ அதற்கு முன்னாலோ, சிலருக்குப் பிறந்த கொஞ்ச காலத்திலோ, மூளையில் அசைவைப் பார்த்துக்கொள்கிற பகுதியில் ஏற்படுகிற பாதிப்பு. தொற்றாது. கை கால் சொன்னபடி கேட்காது. பேச்சு குழறினால் புத்தியும் குழறும் என்று அர்த்தமில்லை. என் மகள் ஐந்தாவது படிக்கிறாள், வாய்ப்பாட்டில் என்னைத் திருத்துவாள்.

வாத்தியார் ஐயா எழுதியதில் எனக்கு ஒரே ஒரு சங்கடம். பிறவியில் பார்வையில்லாதவர் கதை கடைசியில் பார்வை வருவதில்தான் முடிகிறது. அதைப் பிள்ளைகளிடம் சொன்னால் அடுத்த கேள்வி, "அப்போ இந்த அக்காவுக்கு ஏன் சரியாகலை?" இதைப் பெரியவர்களே என்னிடம் கேட்கிறார்கள். விசுவாசம் போதவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டு. ஒரு கூட்டத்தில் முன்பின் தெரியாத ஒருவர், எங்களைக் கேட்காமல், அவள் தலையில் எண்ணெய் ஊற்றி ஜெபித்தார். புதுச் சட்டை. வீடு வரை அழுதுகொண்டே வந்தாள். சட்டைக்காக.

அதனால் எங்கள் வீட்டில் நாங்கள் சொல்கிற கதை மேவிபோசேத். 2 சாமுவேல் 9. இரண்டு காலும் முடமானவன், தாவீது அவனைத் தன் பந்தியிலேயே நித்தம் சாப்பிட வைத்தான். அந்த அதிகாரத்தின் கடைசி வரியிலும் அவன் கால் அப்படியேதான் இருக்கிறது. கால் சரியாகவில்லை, இடம் கிடைத்தது. என் மகளுக்கு ரொம்பப் பிடித்த கதை. ராஜா வீட்டுச் சாப்பாடு என்ன என்று தினமும் ஒன்று சேர்ப்பாள், போன வாரம் ஆம்பூர் பிரியாணி.

நம் ஊரிலேயே டாக்டர் மேரி வர்கீஸ் இருந்தார் என்பதையும் மகனுக்குச் சொல்லுங்கள். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் டாக்டர். 1954-இல் கார் விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அதற்கப்புறம்தான், வீல்சேரில் உட்கார்ந்தபடியே, தொழுநோயால் மடங்கிய கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்தார். பாகாயத்தில் 1966-இல் வந்த மறுவாழ்வு மையம் அவர் முயற்சி. என் மகளை அங்கே பிசியோவுக்குக் கூட்டிப்போகும்போது, "இந்த இடத்த ஆரம்பிச்சவங்களும் வீல்சேர்தான்" என்றேன். "அவங்க வீல்சேருக்கு யாரு காத்தடிச்சாங்க?" என்று கேட்டாள்.

உங்கள் மகன் அந்தப் பையனிடம் என்ன பேசலாம் என்றால், அம்மாவிடம் பேசாமல் அவனிடமே பேசலாம். "உன் பேர் என்ன?" பதில் வரக் கொஞ்சம் நேரமாகும், நடுவில் புகுந்து முடித்துவைக்கக் கூடாது. வீல்சேரைக் கேட்காமல் தள்ளக் கூடாது, அது அவன் உடம்பு மாதிரி. கன்னத்தைக் கிள்ள வேண்டாம். பன்னிரண்டு வயசுப் பையன் சார் அவன்!

மளிகைக்கடை தம்பி:

நான் சி.எம்.சி. ஆஸ்பத்திரி எதிர்ச் சந்தில் கடை வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் பாதி போர்டு வங்காளத்தில்தான் இருக்கும். கொல்கத்தா, ஜார்க்கண்ட், அசாம், பங்களாதேஷ் என்று வைத்தியத்துக்கு வருகிறவர்கள் மாதக்கணக்கில் லாட்ஜில் தங்கி, அவர்களே சமைத்துக்கொள்வார்கள். அவர்களுக்காகக் கடுகு எண்ணெய் வைக்கிறோம். என் மகள் சின்ன வயதில் கடைக்கு வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "சீ, நாத்தம் புடிச்ச எண்ணெய் வாங்கறவங்க" என்பாள். அவர்கள் பேசுவதை வாயைக் குவித்து நடித்தும் காட்டுவாள். கஸ்டமர்கள் சிரிப்பார்கள், தமிழ் கஸ்டமர்கள்.

நான் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை, எனக்கு வராது. கணவருக்கு வைத்தியம் பார்க்க வந்திருந்த ஒரு வங்காளி அம்மாவிடம் இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய் நான்கு கொடுத்து, உங்கள் பக்குவத்தில் செய்து கொடுங்கள் என்றேன். வட்டமாக நறுக்கி, மஞ்சள் உப்பு தடவி, கடுகு எண்ணெயில் பொரித்துக் கொண்டுவந்தார். என் மகள் முதலில் மூக்கைத்தான் பிடித்தாள். பிடித்துக்கொண்டே ஒன்று தின்றாள். பிறகு மூக்கை விட்டுவிட்டாள். அந்த அம்மா எங்கள் நல்லெண்ணெய் டின்னைத் திறந்து மோந்து பார்த்துத் தன் மூக்கைப் பிடித்துக் காட்டினார், இரண்டு பேரும் சிரித்தார்கள். இப்போது என் மகள் வங்காளத்தில் நூறு வரை எண்ணுவாள், சில்லறை கணக்கு அவள் கையில்தான்.

சத்துவாச்சாரி அம்மா கேட்டதுக்கு இது நேரடி பதில் இல்லை என்று தெரியும். சொல்லத் தோன்றியது.

எல்லைக்கல்:

மனிதர்களை நேசிக்கச் சொல்வது சரி. ஆனால் எல்லா வித்தியாசத்தையும் மதிக்கிறேன் என்று ஆரம்பித்து, நாளைக்குப் படையல் சுண்டலையும் சாப்பிடலாம், எல்லா மதமும் ஒன்றுதான் என்று பிள்ளை சொன்னால் என்ன செய்வீர்கள்?

ராணிப்பேட்டை வாத்தியார்:

தம்பி, சுண்டலைச் சாப்பிடுவதா வேண்டாமா என்று பவுலே கொரிந்தியருக்கு மூன்று அதிகாரம் எழுதியிருக்கிறார், அங்கே போய்ச் சண்டை போடுங்கள். மேல்விஷாரத்து நண்பர் வீட்டு நோன்புக் கஞ்சியை 40 வருஷமாகக் குடிக்கிறேன், நான் யாரென்று எனக்கும் அவருக்கும் நன்றாகத் தெரியும். வேண்டாம் என்று சொல்வதாக இருந்தாலும் மூக்கைச் சுளிக்காமல் சொல்லலாம். பிள்ளை பார்ப்பது அந்த மூக்கைத்தான்.

பெயர் வேண்டாம்:

எல்லாரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். நான் ஒன்று கேட்கிறேன். நம் சபையிலேயே யார் வீட்டு ஜெபக்கூட்டத்தில் டீ மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிடுகிறோம், யார் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்? கல்யாணத்துக்குப் பெண் தேடும்போது "நம்ம ஆளுங்களா" என்று யார் காதில் கேட்கிறோம்? நான் பத்து வயதில் கண்டுபிடித்துவிட்டேன். வீல்சேர் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் பேசுகிறோம்.

சத்துவாச்சாரி அம்மா:

பத்து நாள் ஆகிவிட்டது, மன்னியுங்கள். மேலே கடைசியாக எழுதியவருக்கு என்னிடம் பதில் இல்லை. நானும் டீ மட்டும் குடித்து எழுந்த ஆள்தான். ராத்திரி அதை நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

ஆயரம்மாவிடம் நம்பர் வாங்கி அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். "வீட்டுக்கு வாங்க" என்றார். மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். கையில் பழம், பிஸ்கட் என்று எதுவும் எடுத்துப்போகவில்லை. நோயாளியைப் பார்க்கப் போகிற மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது.

அவர் மழுப்பவில்லை. "வலிச்சதுதான்" என்றார். "ஆனா எல்லாரும் மனசுக்குள்ள கேக்கறதை அவன் வாயால கேட்டான். நீங்க அவனை அடிச்சீங்களே, அதுதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. என் புள்ளையப் பத்திப் பேசினாலே அடி விழும்னு ஆயிடக்கூடாது." நான் தலையைக் குனிந்துகொண்டேன். இரண்டு ஞாயிறு வராததற்குக் காரணம் நாங்கள் இல்லையாம். சபை வாசலில் படி இருக்கிறது, வீல்சேரோடு தூக்க இரண்டு ஆண்கள் வேண்டும், கணவருக்கு ஞாயிறு ஷிப்ட். "ஒவ்வொரு வாரமும் யார்கிட்டயாவது கேட்கணும்ல" என்றார். ஆறு மாதம் அந்தப் படியில் நானும்தான் ஏறி இறங்கினேன்.

உள்ளே என் மகன் "உன் பேர் என்ன" என்று கேட்டுவிட்டு, குடியாத்தம் அக்கா சொன்னபடி வாயை மூடிக்கொண்டு காத்திருந்தான். அவன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்ததை நான் அதுவரை பார்த்ததே இல்லை. பதில் வந்தது. அப்புறம் கேரம் போர்டு வந்தது. அந்தப் பையன் ஸ்டிரைக்கரை விரலால் சுண்டுவதில்லை, மணிக்கட்டால் தள்ளுகிறான். என் மகன் தோற்றுவிட்டு, "அண்ணா ஏமாத்தறான்" என்று கத்தினான். தடுக்க எழுந்த என்னை அந்த அம்மா கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்.

போன ஞாயிறு என் மகன் சபை வாசலில் படியை எண்ணி வந்து ஆயரிடம் சொன்னான்: நாலு. கமிட்டியில் பேச வேண்டும், பண்டு பார்க்க வேண்டும் என்றார். பார்க்கலாம். அதுவரைக்கும் என் கணவரும் பக்கத்து வீட்டுத் தம்பியும் எட்டே முக்காலுக்கே போய் வாசலில் நிற்பதாக ஏற்பாடு.

மாமியார் மட்டும் மாறவில்லை. அன்றைக்கும் அவனைப் பார்த்ததும் வாய் தவறி "ஐயோ பாவம்" வந்துவிட்டது. என் மகன் அவர் சேலையைப் பிடித்து இழுத்து, "எந்தப் பாவம் பாட்டி?" என்றான்.